நன்றி சொன்னால் உடம்புக்கு நல்லதா?

அரியலூர் ராஜாவுக்கு ஒரு கட்டி வந்தது.

கட்டி என்றால் வெயில் காலத்தில் நமக்கெல்லாம் வருமே, அந்தச் சூட்டுக் கட்டி அல்ல. ராஜபிளவை. அரண்மனை வைத்தியர்கள் பார்த்தார்கள், கேட்கவில்லை. ஏறக்குறைய முந்நூறு வருஷத்துக்கு முந்தைய சங்கதி இது. அப்போது அரியலூரை ஆண்டவர் அரங்கப்ப மழவராயர். கொள்ளிடக் கரைப் பக்கம் திருமானூருக்கு அருகே ஏலாக்குறிச்சி என்ற ஊரில் ஒரு வெள்ளைக்காரச் சாமியார் இருந்தார். காவி உடுத்தி, தமிழ்ப் பண்டிதர்களுக்குச் சமமாகத் தமிழ் பேசுகிறவர். நமக்கெல்லாம் பள்ளிக்கூடப் பாடத்தில் அறிமுகமான வீரமாமுனிவர்தான் அவர். இத்தாலியில் 1680-இல் பிறந்து, 1710-இல் கோவாவில் வந்து இறங்கி, தேம்பாவணி பாடி, சதுரகராதி தொகுத்த பெஸ்கி பாதிரியார்.

ராஜா அவரிடம் போனார். முனிவர் அடைக்கல மாதாவிடம் வேண்டிக்கொண்டு, அங்கே ஊற்றெடுத்த இடத்துச் சேற்றை எடுத்துப் பூசினார். பிளவை ஆறியது என்று ஏலாக்குறிச்சி ஆலய வரலாறு சொல்கிறது. குணமான ராஜா சும்மா இருக்கவில்லை. கோவிலுக்கு 175 ஏக்கர் நிலம் எழுதி வைத்தார். அதைச் சொல்லும் கல்வெட்டும் அங்கே இருக்கிறது. வீரமாமுனிவர் அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்து, திருக்காவலூர்க் கலம்பகம் என்று ஒரு நூலே பாடியிருக்கிறார்.

‘சித்த வைத்தியர் கட்டுரையில் மாதா கோவில் கதை எதுக்கு?’ என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது. பெரம்பலூர், அரியலூர் பக்கத்திலிருந்து வரும் நோயாளிகள் இந்தக் கதையை என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார்கள். சொல்கிறவர்கள் எல்லோருமே பிளவை ஆறிய அதிசயத்தைத்தான் பெரிசாகச் சொல்வார்கள். எனக்கோ அந்த 175 ஏக்கர்தான் முக்கியமாகப் படுகிறது. நோய் தீர்ந்தவர் திரும்பி வந்து நன்றி சொன்னாரே, அது! வைத்தியனுக்குத்தான் தெரியும், அது எவ்வளவு அபூர்வம் என்று.

பிளவை என்றால் என்ன?

முதலில் வைத்தியத்தை முடித்துவிடுவோம்.

பிளவை என்பது பல கட்டிகள் ஒன்றுசேர்ந்து தோலுக்கு அடியில் ஆழமாகப் பரவுவது. பெரும்பாலும் பிடரியிலும் முதுகிலும் வரும். மேலே பல கண்கள் திறந்து சீழ் வடியும். சல்லடை மாதிரி இருக்கும். காய்ச்சலும் உயிர் போகிற வலியும் சேர்ந்துகொள்ளும். சித்த மருத்துவத்தில் மதுமேகத்தால் வரும் அவஸ்தைகளில் பிளவையையும் ஒன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். நவீன மருத்துவமும் அதையே சொல்கிறது. தோலில் இருக்கும் ஒரு வகை பாக்டீரியா உள்ளே புகுந்து செய்கிற வேலை இது. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு அதிகமாக வரும், ஆறவும் நாளாகும்.

மழவராயருக்குச் சர்க்கரை இருந்ததா என்று பார்க்க அன்றைக்கு லேப் கிடையாது. இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது 1921-இல். பென்சிலின் 1928-இல். அதற்கு முன்னால் ராஜாவாக இருந்தாலும் பிளவை வந்தால் உயிர் ஊசலாட்டம்தான். அப்படிப்பட்ட நோயிலிருந்து பிழைத்த மனிதருக்கு நன்றி பொங்கியதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் ஒன்று. இந்தக் கதையைப் படித்துவிட்டு யாரும் புண்ணில் மண்ணைக் குழைத்துப் பூசிவிடாதீர்கள்! மண்ணில் ரண ஜன்னிக் கிருமி இருக்கும். டெட்டனஸ் வந்தால் பிழைப்பது கஷ்டம். சர்க்கரை இருக்கிறவர்களுக்குக் கட்டி வந்தால் கீறிப் பார்க்காமல், பிதுக்காமல், அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். அன்று ராஜாவுக்கு வேறு வழி இல்லை. இன்று நமக்கு இருக்கிறது.

பத்துப் பேரில் ஒருவர்

பைபிளில் லூக்கா சுவிசேஷத்தில் ஒரு சம்பவம் வருகிறது. தொழுநோயாளிகள் பத்துப் பேர் இயேசுவிடம் இரக்கம் கேட்கிறார்கள். பத்துப் பேருக்கும் குணமாகிறது. திரும்பி வந்து நன்றி சொன்னவர் ஒரே ஒருவர். அவரும் அன்றைய யூதர்கள் ஒதுக்கி வைத்திருந்த சமாரிய இனத்தவர்.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். ஆனாலும் இந்தக் கதையைக் கேட்டபோது, ‘இது நம்ம கிளினிக்ல தினமும் நடக்குறதுதானே!’ என்றுதான் தோன்றியது. வலி இருக்கும்போது, “ஐயா, நீங்கதான் தெய்வம்” என்பார்கள். வலி போனதும் ஆளைப் பார்க்க முடியாது. அது மனுஷ சுபாவம், தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. வலி நம் கவனத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சுகம் அப்படி இழுக்காது. பல் வலிக்கும்போதுதான் பல் இருப்பதே நினைவு வரும். முப்பத்திரண்டு பல்லும் நன்றாக இருக்கிற நாளில் யார் அதை நினைக்கிறார்கள்?

நன்றி சொல்வது என்பது, வலிக்காத பல்லைக்கூட ஒரு நிமிஷம் நினைத்துப் பார்ப்பது. நான் கவனித்த வரையில் உடம்புக்கு நல்லது செய்வது அந்தப் பழக்கம்தான்.

நேர்ச்சை வேறு, நன்றி வேறு

நம் ஊரில் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறோம். “மாதாவே, என் பையனுக்கு வேலை கிடைச்சா வேளாங்கண்ணிக்கு நடந்து வர்றேன்” என்பது நேர்ச்சை. “முருகா, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா மொட்டை போடறேன்” என்பதும் அதே. இதில் தவறில்லை. பயத்தில் இருக்கிற மனசுக்கு அது ஒரு பிடிமானம்.

ஆனால் நேர்ச்சைக்குள் கொஞ்சம் பயமும் இருக்கும். கொடுக்கல் வாங்கல் கணக்கு அது. ‘சொன்னதைச் செய்யலையே, அதனாலதான் மறுபடி வந்துடுச்சோ?’ என்று தூக்கம் இல்லாமல் தவிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நன்றியில் இந்தத் தவிப்பு கிடையாது. வாங்கியாகிவிட்டது, இனி கேட்க ஒன்றுமில்லை, சந்தோஷமாகத் தலையை ஆட்டுகிறோம், அவ்வளவுதான்.

கிறிஸ்தவ வழிபாட்டின் நடுவில் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். கத்தோலிக்கர்கள் பூசையில் வாங்குகிற நற்கருணைக்கு மூல மொழியான கிரேக்கத்தில் உள்ள பெயருக்கே ‘நன்றி செலுத்துதல்’ என்றுதான் பொருள். குழந்தை பிறந்தால், நோய் தீர்ந்தால், வீடு கட்டி முடிந்தால் நன்றித் திருப்பலி வைப்பார்கள். புராட்டஸ்டண்ட் வீடுகளில் பேச்சுக்குப் பேச்சு, “ஸ்தோத்திரம்” என்பார்கள்.

நான் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் அந்தப் பக்கத்துச் சபைகளில் அறுப்பின் பண்டிகை பார்த்திருக்கிறேன். வயலில் விளைந்தது, தோட்டத்தில் காய்த்தது, வீட்டில் வளர்த்த கோழி எல்லாம் கோவிலுக்கு வரும். ஒரு பூசணிக்காயை ஏலம் விடுவார்கள். கடையில் வாங்கினால் ஆகும் விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து ஒருவர் எடுப்பார். எடுத்தவர் முகத்தில் நஷ்டப்பட்ட களையே இருக்காது!

பொங்கல் அன்று நாம் சூரியனுக்கும் மாட்டுக்கும் செய்வதும் இதேதான். பல கத்தோலிக்கப் பங்குகளில் பொங்கல் அன்று கோவில் வளாகத்திலேயே பொங்கல் வைத்துத் திருப்பலி நடக்கிறது. மண்ணை நம்பிப் பிழைக்கிற எந்தச் சாதி ஜனத்துக்கும் இந்தப் பாடம் தெரியும். பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். மழை ஒரு வாரம் தள்ளிப் போனாலே கணக்கு மாறிவிடும். எல்லாம் தன் கையில் இல்லை என்று தெரிந்தவனுக்கு நன்றி சுலபமாக வரும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

குறை, கோபம், பொறாமை, ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி?’ என்ற நினைப்பு இவையெல்லாம் உடம்புக்கு ஓர் ஆபத்துச் செய்தி மாதிரி. உடனே அட்ரினலின் சுரக்கும். இதயம் படபடக்கும், ரத்தக் குழாய் சுருங்கும், பி.பி. ஏறும். இது நாள் கணக்கில் நீடித்தால் கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் கூடுதலாகச் சுரந்துகொண்டே இருக்கும். கார்ட்டிசாலின் வேலைகளில் ஒன்று, ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவது. சரியாகச் சாப்பிட்டும், மாத்திரை போட்டும், “சுகர் இறங்க மாட்டேங்குது டாக்டர்” என்கிறவர்களிடம் நான் தூக்கத்தையும் மனசையும் பற்றித் தனியாகக் கேட்பேன். பாதிப் பேருக்கு அங்கேதான் முடிச்சு இருக்கும். கோபமும் தூக்கமின்மையும் பித்தத்தைக் கூட்டும் என்று எங்கள் முன்னோர் சொன்னதும் இதைத்தான்.

மனசு நிறைந்து இருக்கும்போது மூச்சு நிதானமாகிறது. உடம்பை அமைதிப்படுத்துகிற நரம்பு மண்டலம் வேலைக்கு வருகிறது. ஜீரணம் சீராகிறது, தூக்கம் வருகிறது.

ஜெபமாலை உருட்டுகிறவர்களைப் பாருங்கள். வீரமாமுனிவரின் இத்தாலியிலேயே, லூச்சியானோ பெர்னார்டி என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 23 ஆரோக்கியமான ஆட்களை வைத்துச் சோதித்து, 2001-இல் வெளியிட்டார்கள். மாதா ஜெபத்தை லத்தீனில் சொன்னபோதும் சரி, திபெத்திய மந்திரத்தை உச்சரித்தபோதும் சரி, மூச்சு நிமிஷத்துக்கு ஆறு தடவை அளவுக்கு நிதானமானது. இதயத் துடிப்பின் லயமும் அதோடு சேர்ந்து சீரானது. நம் நாட்டுப் பிராணாயாமத்தில் சொல்லும் அதே நிதானம். ஆகவே, ஜெபத்தை அவசரமாக ஒப்பிக்காமல் நிறுத்தி நிதானமாகச் சொன்னால் அதிலேயே ஒரு மூச்சுப் பயிற்சி அடங்கியிருக்கிறது.

ஆராய்ச்சிகள் சொல்வது

அமெரிக்காவில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா என்ற இரண்டு உளவியல் பேராசிரியர்கள் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். பத்து வாரம், வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு குழு நன்றி சொல்லத் தக்க விஷயங்களை எழுதியது. இன்னொரு குழு எரிச்சலூட்டிய விஷயங்களை எழுதியது. மூன்றாவது குழு பொதுவாக நடந்ததை எழுதியது. நன்றியை எழுதியவர்களுக்கு வாழ்க்கையில் திருப்தி கூடியிருந்தது. உடம்பு உபாதைகள் பற்றிய புகார் குறைந்திருந்தது. எரிச்சலை எழுதியவர்களைவிட அதிக நேரம் உடற்பயிற்சியும் செய்திருந்தார்கள். நரம்பு, தசை நோயால் அவதிப்பட்டவர்களை 21 நாள் தினமும் எழுதச் சொன்னபோது, அவர்களுக்குத் தூக்கம் கூடியது. நோய் போகவில்லை, ஆனால் நோயோடு இருக்கிற நாள் கொஞ்சம் லேசானது. இதைக் கவனியுங்கள்.

2015-இல் பால் மில்ஸ் என்பவரின் குழு, இதயம் பலவீனப்படத் தொடங்கியும் இன்னும் அறிகுறி தெரியாத நிலையில் இருந்த 186 பேரைப் பரிசோதித்தது. நன்றியுணர்வு அதிகம் உள்ளவர்களுக்கு நல்ல தூக்கமும், குறைந்த சோர்வும் இருந்தன. உடம்புக்குள் அழற்சியைக் காட்டும் ரத்தக் குறியீடுகளும் குறைவாக இருந்தன.

2024-இல் வந்தது பெரிய ஆய்வு. அமெரிக்காவில் நர்ஸ் வேலை பார்த்த 49,275 பெண்கள். சராசரி வயது 79. நன்றியுணர்வு அதிகமாக இருந்தவர்களுக்கு, குறைவாக இருந்தவர்களைவிட, அந்தச் சில ஆண்டுகளில் மரணம் நேரும் வாய்ப்பு 9 சதவிகிதம் குறைவாக இருந்தது.

ஒன்பது சதவிகிதம்தானா என்று உதடு பிதுக்காதீர்கள். அதே சமயம் அதைப் பெரிய அற்புதமாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு நன்றி சுலபமாக வரலாம் என்ற சந்தேகம் இப்படிப்பட்ட ஆய்வுகளில் எப்போதும் உண்டு. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் நன்றிப் பயிற்சி கொடுக்கும் பலன் சிறிய அளவுதான் என்றும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். என் கணக்கில் இது ரசத்துக்குப் பெருங்காயம் மாதிரி. அது மட்டும் ரசம் ஆகாது. போடாவிட்டால் ருசி தெரிந்துவிடும்.

கடவுளுக்கு ஏன்?

மனுஷன் செய்த உதவிக்கு மனுஷனுக்கு நன்றி சொல்லலாம். காலையில் கண் விழித்ததற்கு யாருக்குச் சொல்வது? பெய்த மழைக்கு? பிறந்த பேரக் குழந்தையின் பத்து விரலுக்கு?

நம்பிக்கை உள்ளவருக்கு இதற்கு ஒரு விலாசம் இருக்கிறது. அது உடல்நலத்திலும் தெரிகிறதா என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீல் கிராஸ் பார்த்தார். 2006-இல் வெளியான அவருடைய ஆய்வு, வயதானவர்களைப் பற்றியது. குறிப்பாகக் கடவுளுக்கு நன்றி சொல்வதைப் பற்றியது. சீர்கெட்ட குடியிருப்புப் பகுதியில் வாழ்கிற நெருக்கடி அவர்கள் உடல்நலத்தைக் கெடுத்தது. ஆனால் கடவுளிடம் நன்றியுணர்வு அதிகமாக உள்ளவர்களை அந்த நெருக்கடி அவ்வளவாகப் பாதிக்கவில்லை. வீடு மாறவில்லை, தெரு மாறவில்லை. தாங்குகிற சக்தி மாறியிருந்தது.

தனியாக இருக்கிற முதியவர்களுக்கு இது ரொம்ப உதவும். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் பேச ஆள் கிடையாது. ‘இன்னிக்கு ஒரு நாள் நல்லபடியா போச்சு சாமி’ என்று சொல்ல ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பே அவர்களுக்கு ஒரு துணை.

நன்றி மாத்திரைக்குப் பதில் அல்ல

கொள்ளிடக் கரைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா என்னிடம் வருவார். சர்க்கரையால் கால் புண். ஆறு வாரம் கட்டுப்போட்டு ஒழுங்காக ஆறியது.

“வைத்தியரய்யா, ஏலாக்குறிச்சிக்குப் போயி மாதாவுக்கு மெழுகுத்திரி ஏத்திட்டு நேரா உங்களத்தான் பாக்க வந்தேன்” என்றார். எனக்கும் சந்தோஷம்.

“ரொம்ப நல்லதும்மா. மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?”

“அது எதுக்குங்கய்யா? அதான் ஆறிடுச்சே! மறுபடியும் மாத்திரை போட்டா மாதாவ நம்பாத மாதிரில்ல ஆகும்?”

அன்றைக்கு எடுத்துப் பார்த்தால் சர்க்கரை எகிறியிருந்தது. நான் சொன்னேன், “அம்மா, வீரமாமுனிவர் ஜெபம் பண்ணினாரு. பண்ணிட்டு சும்மா இருக்கலியே! கையால எடுத்துப் பூசவும் செஞ்சாரே. மாதாவுக்கு மெழுகுத்திரி ஏத்துங்க. எனக்கு சுகர் ரிப்போர்ட்டைக் காட்டுங்க. ரெண்டும் சேர்ந்தாதான் கால் தங்கும்.”

அவர் சிரித்துவிட்டார். இப்போது மாத்திரை டப்பாவைக் கையில் எடுக்கும்போதே, “தோத்திரம் மாதாவே” என்று சொல்லித்தான் போட்டுக்கொள்கிறார். அப்படிச் செய்வதால் இரண்டையும் மறப்பதில்லை!

இது பக்தி உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்கிறேன். குணமானது போல இருக்கிறது என்று சர்க்கரை, பி.பி., வலிப்பு, காசநோய், மனநோய் மருந்துகளை நிறுத்தாதீர்கள். இங்கிலீஷ் மருந்தோ சித்த மருந்தோ, டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. கிடைத்த மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதும் நன்றிதான்.

இன்னொரு விஷயம். கஷ்டத்தில் இருப்பவரிடம் போய், “நீ கடவுளுக்கு நன்றி சொல்லல, அதான் வியாதி வந்துச்சு” என்று சொல்லாதீர்கள். அது ஆறுதல் இல்லை, அடி. குடித்துவிட்டு அடிக்கிற புருஷனோடு இருக்கிற பெண்ணிடம், “இருக்கறதுக்கு ஸ்தோத்திரம் பண்ணு” என்பதும் தப்பு. அவளுக்குத் தேவை பாதுகாப்பு. எதைப் பார்த்தாலும் வெறுமையாகவே தோன்றுகிறது, சாப்பாடு இறங்கவில்லை, சாகத் தோன்றுகிறது என்பவர்களுக்கு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து எழுதச் சொல்லக் கூடாது. உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

செய்து பாருங்கள்

எந்த மதமானாலும் செய்யலாம். செலவு, ஒரு நாற்பது பக்க நோட்டு.

1. படுக்கப் போகும் முன் மூன்று விஷயம் எழுதுங்கள். ‘எல்லாம் நல்லாருக்கு’ என்று பொதுவாக எழுத வேண்டாம். ‘மத்தியானம் கரண்ட் போகல. பக்கத்து வீட்டு அக்கா மோர்க்குழம்பு கொடுத்தாங்க. முழங்கால் வலி மாடிப்படி ஏறும் வரைக்கும் வரல.’ இப்படி எழுதுங்கள். எழுத வராதவர்கள் விரல் விட்டு எண்ணிச் சொல்லலாம்.

2. தினமும் எழுதி அலுத்துப் போனால் வாரத்துக்கு ஒரு நாள் போதும். ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம்.

3. சாப்பிடும் முன் அரை நிமிஷம் நிறுத்துங்கள். கிறிஸ்தவ வீடுகளில் கண்ணை மூடி ஜெபம் சொல்வார்களே, அது மாதிரி. டி.வி.யை அணைத்துவிட்டு, விளைவித்தவர், சமைத்தவர், கொடுத்தவன் மூன்று பேரையும் நினையுங்கள். நிதானமாக உட்கார்ந்தவர் நிதானமாக மெல்லுவார். நிதானமாக மெல்லுகிறவர் அளவோடு எழுந்திருப்பார். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது கைமேல் பலன்.

4. அடுத்தவன் கஷ்டத்தைப் பார்த்து, ‘அவனுக்கு நாம எவ்வளவோ தேவல’ என்று நினைப்பது நன்றி ஆகாது. அது ஒப்பீடு. நாளைக்கே மேலே இருப்பவனைப் பார்த்து வயிறு எரியும்.

5. கடவுளுக்குச் சொன்ன நன்றியில் கொஞ்சம் மனுஷருக்கும் வரட்டும். சமைத்துப் போடுகிற மனைவிக்கு, மருந்து வாங்கி வருகிற பிள்ளைக்கு, கட்டுப்போட்ட நர்ஸுக்கு வாய் திறந்து சொல்லுங்கள். சாமிக்கு நூறு மெழுகுத்திரி ஏற்றிவிட்டு வீட்டில் எரிந்து விழுந்தால் பி.பி. இறங்காது!

6. முடிந்தால் எதையாவது கொடுங்கள். ராஜா 175 ஏக்கர் கொடுத்தார். நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும் ஒருவருக்கு ஒரு வேளைக் கஞ்சி கொடுத்தாலும் போதும்.

சில சந்தேகங்கள்

*‘எனக்கு நோய் தீரவே இல்லையே, எதுக்கு நன்றி?’*

நோய்க்கு நன்றி சொல்ல வேண்டாம். அப்படிச் சொல்லச் சொல்கிறவர்களுக்கு வலி தெரியாது. அழுகை வந்தால் அழுங்கள், சாமியிடம் சண்டையும் போடுங்கள். பைபிளின் சங்கீதங்களில் பாதிக்குப் பாதி அழுகையும் முறையீடும் இருக்கிறது. அதற்கு நடுவில், வலி குறைந்திருந்த அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் ஒரு வரி எழுதுங்கள். போதும்.

*‘கடவுள் நம்பிக்கை இல்லாதவங்களுக்கு?’*

ஆய்வில் எழுதச் சொன்னபோது யாரையும் ‘சாமி கும்பிடுகிறாயா’ என்று கேட்டுப் பிரிக்கவில்லை. மனுஷருக்கு நன்றி சொன்னாலும் பலன் உண்டு. திருவள்ளுவர் ‘செய்ந்நன்றி அறிதல்’ என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறாரே! திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்தவர் யார் தெரியுமா? அதே வீரமாமுனிவர்தான். அந்த அதிகாரம் இருப்பது அறத்துப்பாலில்.

*‘எத்தனை நாளில் பலன் தெரியும்?’*

மூன்று வாரம் விடாமல் செய்து பாருங்கள். முதலில் மாறுவது தூக்கமாகத்தான் இருக்கும். பி.பி., சுகர் எண்களைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஆனால் எண் இறங்கியது என்று நீங்களாக மருந்தைக் குறைக்காதீர்கள். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் வாருங்கள்.

வரும்போது, “டாக்டர், இப்ப தேவல” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்காருங்கள். உங்கள் டாக்டரின் பி.பி.யும் கொஞ்சம் இறங்கும்!